கமலாக்கா பேரில் ஒரு பாம்பு

பாம்பு பிடிக்கிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. பாம்பை எண்ணுகிறவளுக்கு அது கிடையாது.

எண்பதுகளில் தருமபுரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் ஆய்வக உதவியாளராக இருந்தேன். ஜாடி கழுவுவது, ஃபார்மலின் மாற்றுவது, சீட்டு எழுதி ஒட்டுவது, இதெல்லாம் போகப் பாம்பின் வயிற்றுச் செதிலை எண்ணுவது. கழுத்தில் ஆரம்பித்து வால் தொடங்கும் இடம் வரை, குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாம்புகள் ஒரே இனமா, வேறு இனமா, ஒரே இனத்தின் கிளையா என்ற வழக்கில் அந்த எண்ணிக்கைதான் பெரிய சாட்சி. தொண்ணூறாவது செதிலில் நிற்கும்போது யாராவது எட்டிப் பார்த்து, "மேரி, டீ சொல்லியாச்சா?" என்பார்கள். மறுபடி ஒன்றிலிருந்து. வாக்காளர் பட்டியல் சரிபார்த்தவர்கள், மக்கள்தொகைக் கணக்குக்கு வீடு வீடாகப் போனவர்கள், பரீட்சைப் பேப்பர் கட்டியவர்கள் இதைப் படித்தால், என் கழுத்து வலி உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

திறந்த கண்

நான் அதியமான்கோட்டைப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். வாரத்தில் ஆறு நாள் கடலைக்காடு, ஏழாம் நாள் சர்ச். காட்டில் பாம்பைப் பார்த்தால் ஓடித்தான் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே துறைத் தலைவர் ராஜமாணிக்கம் சார் ஒரு பீங்கான் தட்டை என் முன்னால் வைத்தார். அதில் ஒரு சாரைக்குட்டி, மல்லாந்து. பக்கத்தில் ஒரு லென்ஸ், ஒரு குண்டூசி.

செத்துப் பல வருஷம் ஆன பாம்புதான். ஆனாலும் கை போகவில்லை. ஜெபம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, விரலாலேயே தடவித் தடவி எண்ணப் பார்த்தேன். முப்பது வரை வந்திருப்பேன். சார் சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்து, பாம்பின் தலையை விரல் நுனியால் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கண்ணைத் தொறந்து எண்ணுங்க மேரி. அதுக்கு மூடறதுக்கு இமையே இல்ல. எப்பவும் தொறந்துதான் வச்சிருக்குது."

புருஷன், பெண்டாட்டி

ஒருநாள் பென்னாகரம் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். தோளில் ஒரு சாக்கு. உள்ளே அடித்துக் கொன்ற சாரைப்பாம்பு. அவர் முகத்தில் கலவரம். சாரைதான் ஆண், நல்ல பாம்பு அதன் பெண்டாட்டி என்பது எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் நம்புகிற சங்கதி. புருஷனை அடித்துவிட்டோமே, பெண்டாட்டி வீடு தேடி வருமே என்று மூன்று நாளாக மனுஷர் சாப்பிடவில்லை. படித்தவர்கள் ஏதாவது வழி சொல்வார்கள் என்று வந்திருக்கிறார்.

சார் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இரண்டும் வேறு வேறு இனம், ஒன்றை ஒன்று கட்டாது என்றார். அவர் நம்பவில்லை. உடனே சார் அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை இறக்கினார். வயிறு திறந்த சாரை, உள்ளே வரிசையாக முட்டைகள். "பாருங்க, சாரையிலயே பொம்பள இருக்குது. அதுக்கு முட்டையும் இருக்குது. நல்ல பாம்புல தனியா ஆம்பள இருக்குது. அவங்கவங்க குடும்பம் அவங்கவங்களுக்கு." நானும் கூடச் சேர்ந்து இரண்டின் செதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. மனுஷர் லென்ஸை வாங்கி நன்றாகப் பார்த்தார், தலையை ஆட்டினார், சாக்கைச் சுருட்டினார், கும்பிட்டார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"எனக்கு நல்லாப் புரிஞ்சுதுங்க சார். அந்த நல்ல பாம்புக்கு இதை யாருங்க போயிச் சொல்றது?"

நடு முதுகு

செதில் எண்ணுவது வெறும் படிப்பாளிகள் விளையாட்டு என்று நானே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. காலை பத்து மணிக்கு ஒருவர் மொபெட்டை மரத்தில் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கையில் துண்டு முடிச்சு. அவருடைய அண்ணி முனியம்மா விறகு எடுக்கும்போது விரலில் கடி. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பாம்பு கறுப்பு, மேலே வெள்ளைப் பட்டை. கட்டுவிரியன் என்கிறார்கள், டாக்டருக்கு எது என்று தெரிந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். சார் அன்றைக்குச் சேலம் போயிருந்தார்.

முடிச்சை அவிழ்த்தேன். தலை நசுங்கிப் போயிருந்தது. கட்டுவிரியனையும் விஷமே இல்லாத வெள்ளிக்கோல் வரையனையும் பட்டையை வைத்துப் பிரிக்க முயல்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். முதுகுத் தண்டின் மேல் நடு வரிசைச் செதில் பெரிதாக, அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியன். மற்றச் செதிலைப் போலவே சின்னதாக இருந்தால் மற்றது. லென்ஸை வைத்தேன். சின்னது. வாலின் அடியைப் பார்த்தேன். செதில்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தன. கட்டுவிரியனுக்கு அங்கே ஒற்றை. மறுபடி முதுகு, மறுபடி வால். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியது தப்பாக இருந்தால்?

டாக்டர் என் சீட்டையும் பார்த்து, அந்த அம்மாவையும் ஒரு நாள் முழுக்கக் கூடவே வைத்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார். மறுநாள் விரலில் கட்டோடு முனியம்மாவே ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். மடியில் வேகவைத்த கடலைக்காய். நான்தான் எண்ணினவள் என்று தெரிந்ததும் என் கன்னத்தைத் தொட்டாள்.

"உன் சீட்டு வர்ற வரைக்கும் எங்க வூட்டுக்காரரு என் கையை விடவேயில்ல கண்ணு. இன்னும் கொஞ்சம் மெதுவா எண்ணியிருக்கக் கூடாதா?"

மூன்றாவது பேர்

இனி வத்தல்மலைப் பாம்புக்கு வருகிறேன். மண்ணுக்குள்ளேயே வாழும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் பாம்பு. வால் நுனி கத்தியால் சீவிவிட்ட மாதிரி மொட்டையாக இருக்கும். துறையில் அதைக் கேடயவால் பாம்பு என்போம். கடிக்கத் தெரியாது. மண்புழு தின்னும். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும். வனத்துறை அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு சார் பல வருஷம் ஏறி இறங்கிச் சேர்த்தது ஆறே ஆறு. ஏற்காட்டில் கிடைத்த அதே பாம்பு எட்டை இன்னொரு கல்லூரியிலிருந்து இரவல் வாங்கியிருந்தார். எண்ணியது நான். ஏற்காட்டுப் பாம்புகளுக்கு வயிற்றுச் செதில் குறைவு, வத்தல்மலைப் பாம்புகளுக்குக் கூடுதல். நடுவில் நல்ல இடைவெளி. ஒன்றுகூட மற்ற மலையின் பக்கம் சாயவில்லை.

பாம்புக்கு இரண்டு பேர் உண்டு. ஒன்று அதன் பேரினத்துக்கு, ஒன்று அதற்கு. அதே இனம் ஒரு மலையில் தனியாக நின்று கொஞ்சம் மாறிப்போயிருந்தால் மூன்றாவதாக ஒரு பேர் சேர்ப்பார்கள். துணை இனம் என்பது அதுதான். அந்த மூன்றாவது பேரை, பாம்பைக் கண்டுபிடித்தவர் வைக்கலாம். சார் தன் மனைவி கமலாவின் பேரை வைக்க முடிவு செய்தார். கட்டுரையை டைப் அடித்ததும் நான்தான். அந்தப் பேர் வரும் இடத்தில் எல்லாம் சார் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கமலாக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அதுவரை இருபது வருஷம் அந்த அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில் ஊறுகாய் ஜாடியும் பாம்பு ஜாடியும் ஒன்றாகத்தான் இருந்தன. சார் விஷயத்தைச் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். அக்கா தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல ஒரு புடவை நீங்களாப் பார்த்து எடுத்ததில்ல. முதல் முதலா எடுத்தது பாம்பாங்க?"

டீ மேசை

கமலாக்கா திட்டினாரே தவிர, இரண்டே வாரத்தில் பெங்களூரில் இருக்கும் தங்கைக்குக் கடிதம் போய்விட்டது. பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடத்தில், காய்கறிக்காரியிடம் எல்லாம் சொல்லியாயிற்று. ஒருநாள் என்னிடம் மட்டும் மெதுவாக, "உங்க சார் பேரைச் சொல்ல அந்தக் கட்டுரை இருக்கும். என் பேரைச் சொல்ல அந்த மலையில ஒண்ணு ஊர்ந்துகிட்டு இருக்கும் பாரு" என்றார். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுப்புச் சொன்னது எங்கள் துறையில் நாகராஜ் சார் ஒருத்தர்தான். ஓசூர்ப் பக்கம், வீட்டில் கன்னடம். பேர் நாகராஜ் என்றாலும் பாம்பு என்றால் இரண்டடி தள்ளி நிற்பவர். அவர் பாடம் தவளை. "இந்த ஆறும் பெண்ணா இருந்தா? பெண் பாம்புக்கு வயித்துச் செதில் கூடுதலா இருக்கலாமே சார். அறுத்துப் பார்த்துடுங்க" என்றார். எங்கள் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. இருப்பது ஆறு, அதை அறுத்தால் சாட்சியாக மியூசியத்துக்கு அனுப்புவதற்கு என்ன இருக்கும்? இரவல் பாம்பில் கத்தி வைக்க முடியுமா? வாலை அளந்து பார்த்ததில் இரண்டு மலைக்கும் வித்தியாசம் இருந்தது. அதுவும் துணை இனத்துக்கே சாட்சி என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து ஒரு மாதம் இருவரும் பேசவில்லை. ஒரே மேசையில் டீ குடித்துக்கொண்டு, "மேரி, சார் கிட்ட சர்க்கரையை நகர்த்தச் சொல்லுங்க" என்பார்கள். சர்க்கரையை நகர்த்தி நகர்த்தி எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் நாகராஜ் சாரிடமே, "நீங்க ஒத்துக்கிட்டா என்ன சார், அந்த அக்கா சந்தோஷப்படறாங்க" என்றேன். அவர் டீயை வைத்துவிட்டார்.

"நானும் அதுக்குத்தாம்மா பயப்படறேன். அச்சுல வந்த பேரை நாளைக்கு எவனோ ஒருத்தன் அடிப்பான். அன்னிக்கு அந்தம்மா முகத்தை யார் பார்க்கறது?"

தூக்குச்சட்டியில் வந்தது

கட்டுரை தபாலில் போக ஒரு வாரம் இருக்கும்போது வத்தல்மலையிலிருந்து சடையன் இறங்கி வந்தார். சார் மலையேறும்போதெல்லாம் கூட வருகிற விவசாயி. சாமைக் காட்டில் கொத்தும்போது கிடைத்தது என்று ஒரு தூக்குச்சட்டி நிறைய ஈர மண்ணைக் கொண்டுவந்தார். உள்ளே உயிரோடு ஒரு கேடயவால், நல்ல தடிமன். அதுவரை எங்களிடம் வந்தவையெல்லாம் செத்தவைதான். அகலமான மரப்பெட்டியில் மண் போட்டு விட்டேன். சார் பல்கலைக்கழக வேலையாகச் சென்னை போயிருந்தார்.

நாலாம் நாள் காலையில் பெட்டியில் மண் புழுதியாகக் கிளறிக் கிடந்தது. விரலால் தள்ளிப் பார்த்தால் ஒரு குட்டி. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஐந்து, பென்சில் தடிமன்கூட இல்லை. இந்த வகை முட்டையிடாது, குட்டி போடும் என்று படித்திருந்தேன், பார்த்தது அன்றுதான். கமலாக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். இருபது வருஷமாக ஜாடியைத் தொடாத அக்கா ஒரு குட்டியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். அது அவர் விரல் இடுக்கில் தலையை நுழைத்து மண்ணைத் தேடியது.

"கூசுதுடி மேரி. இது எல்லாமே என் பேர்தானா?"

ஐந்து குட்டிகள்

அக்கா போனதும் எண்ணினேன். யாரும் சொல்லவில்லை, கை சும்மா இருக்காத பழக்கம். குட்டி பிறக்கும்போது எத்தனை செதிலோ, சாகும் வரை அத்தனைதான். குட்டியைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதல் குட்டி வத்தல்மலைக் கணக்கு. இரண்டாவது ஏற்காட்டுக் கணக்கு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். அதே. மூன்று குட்டிக்குக் கூடுதல், இரண்டு குட்டிக்குக் குறைவு. ஒரே தாய், ஒரே நாள், ஒரே பெட்டி.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு குட்டியையும் தோட்டத்து மண்ணில் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு தடவை, ஒரே தடவை, பெட்டி மூடியைத் திறந்துகூட நின்றேன். அதில் ஒன்று மண்ணுக்கு மேலே தலையை நீட்டியது. மூடிவிட்டேன். மூன்றாம் நாள் நாகராஜ் சாரைக் கூப்பிட்டேன். மனுஷர் வியர்த்துக்கொண்டே அந்தக் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்தார். ஐந்தையும் எண்ணினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் முகத்தில் வெற்றி எதையும் நான் பார்க்கவில்லை. குழாயைப் பஞ்சில் வைக்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

"இதை நான் போய்ச் சொன்னா ஜெயிச்ச மாதிரி ஆயிடும். நீங்க சொல்லுங்க மேரி. உங்களுக்கு அவரைப் பிடிக்கும்."

பேர் எடுப்பு

சார் சென்னையிலிருந்து வந்து பையைக் கீழே வைக்கும் முன் சொல்லிவிட்டேன். சொல்லிக்கொண்டே அழுதேனோ என்னவோ, சார் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பிறகு அவரே உட்கார்ந்து எண்ணினார். எண்ணி முடித்ததும், எந்த ஆறைத் தொடவே விடமாட்டேன் என்றாரோ அந்த ஆறையும் ஜாடியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அறுத்தார். ஆறும் பெண். பின்னால் இரவல் கொடுத்த கல்லூரிக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கி அறுத்ததில் எட்டும் ஆண். ஆணும் பெண்ணுமாக ஒரே இனத்தை இரண்டு மலையில் பிரித்து வைத்து, துணை இனம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆறை அறுத்த அன்று சாயங்காலம் வீட்டுக்குத் தனியாகப் போகச் சாருக்குத் தைரியமில்லை. "நீங்களும் வாங்க மேரி" என்றார். கமலாக்கா மிஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். சார் நின்றபடியே சொன்னார். செதில், ஆண், பெண், குட்டி எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வது போல வரிசையாகச் சொன்னவர், "உன் பேரை எடுக்க வேண்டியதாப் போச்சு கமலா" என்ற இடத்தில் நின்றுவிட்டார். அக்கா மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். நூலை அறுத்தார். கொஞ்ச நேரம் தைத்த துணியையே மடித்து மடித்து வைத்தார். கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. பிறகு எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க முதல்ல. ஒருத்தி பெத்த அஞ்சை ரெண்டாப் பிரிச்சுத்தான் எனக்குப் பேர் வரணும்னா, அப்படி ஒரு பேர் எனக்கு எதுக்குங்க?"

மலையில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், பாம்புகளை மலையில் விடப் புறப்பட்ட சாரோடும் அக்காவோடும் நானும் சேர்ந்துகொண்டேன். அடிவாரத்தில் பார்த்தால் நாகராஜ் சார் நிற்கிறார், காலில் முழங்கால் வரை பூட்ஸ். ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் சார் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை, "தவளைக்காரருக்கு மலையேற வருமா?" என்பது. இருவரும் மாறி மாறித் தூக்குச்சட்டியைத் தூக்கினார்கள். வழியெல்லாம் ஒரே வாக்குவாதம்: இனத்துக்கும் துணை இனத்துக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது, எத்தனை பாம்பு பார்த்தால் போதும், பத்தா, நூறா. மேலே போய்ச் சேரும் வரை முடிவாகவில்லை. கட்டுரைக்குப் பதிலாக இந்த இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் செதில் வித்தியாசம் என்று இருவரும் சேர்ந்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது என்பது மட்டும் முடிவானது.

சாமைக் காட்டு ஓரத்தில் சடையன் கொத்தால் மண்ணை இளக்கிக் கொடுத்தார். கமலாக்காதான் விட்டார். முதலில் தாய், பிறகு ஒவ்வொரு குட்டியாக. ஐந்தும் மண்ணுக்குள் போய் மறையும் வரை குனிந்தே இருந்தார். சடையனுக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. "புதுப் பேர் வைப்போம்னு சொன்னீங்களே, வச்சீங்களா சார்?" என்று கேட்டார். பழைய பேரேதான் என்றார் சார். "அப்புறம் எதுக்குங்க இது கீழ வரைக்கும் போயிட்டு வந்துச்சு?" என்றார் அவர் விடாமல். கமலாக்கா கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"பிரசவத்துக்கு எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போகுதுன்னு வச்சுக்கங்க."

எண்ணிப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எதையும் தனி இனம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன், ஒரு பிரசவம் பார்த்துவிடுவது நல்லது.